ஆயாவின் காலும் போதிதர்மர் ஃபார்வர்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிள்ளை பெற்ற வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. காலை பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால் போதும். தறிச் சத்தத்துக்கு நடுவே எந்த வீட்டிலிருந்து வீல் என்று ஒரு அலறலும், பின்னாலேயே சாம்பிராணிப் புகையும் வருகிறதோ அதுதான் வீடு. உள்ளே ஒரு ஆயா மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டியிருப்பார். கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஒரு மாதக் குழந்தை குப்புறக் கிடக்கும். பக்கத்தில் வெந்நீர் அண்டா, கிண்ணத்தில் எண்ணெய், இன்னொரு கிண்ணத்தில் பயத்தமாவு.

அந்தக் கையை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் உச்சிக்குழியில் எண்ணெய் வைத்து லேசாகத் தடவுவார். அப்புறம் நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரல் நுனிக்கு நீவி விடுவார். வயிற்றில் வட்டமாக ஒரு சுற்று. வலது கையையும் இடது காலையும் குறுக்கே கொண்டுவந்து தொட வைப்பார், அடுத்து இடது கையும் வலது காலும். குப்புறப் போட்டு முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. தொடையிலிருந்து பாதம் வரை உருவி, இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். 'கால் வளையாம இருக்கணும்' என்று அவரே சொல்லிக்கொள்வார். இருபது நிமிடம். முடிந்ததும் குழந்தை ஏணையில் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். அந்த மூன்று மணி நேரத்தில் அம்மாக்காரி தார் சுற்றலாம், தறியில் உட்காரலாம், இல்லை அவளும் கொஞ்சம் தூங்கலாம்.

இதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்ட் வந்துவிடும். "சீனாவில் இன்று குழந்தைகளுக்குச் செய்யும் துய்னா மசாஜ், காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் கற்றுக் கொடுத்தது! தமிழனாக இருந்தால் பகிரவும்!" கூடவே 'ஏழாம் அறிவு' படத்தில் சூர்யா நிற்கும் ஒரு ஸ்டில். 2011இல் வந்த படம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தியேட்டரில் இல்லை, குரூப்களில்.

இந்த ஃபார்வர்டைப் பகிர்கிற கல்லூரிப் பையன்களில் எத்தனை பேர் ஒரு கைக்குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் வராது. அது போகட்டும். சொல்வதாவது உண்மையா?

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஆம் ஆண்டு வாக்கில் யாங் ஷுவான்சி என்பவர் லுவோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதியதில் வருகிறது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்தவர். இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சிபுரம் என்ற பெயர் கிடையாது, அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் பெயரில் உலவும் உடற்பயிற்சி நூலான 'இ ஜின் ஜிங்'கின் கதை இன்னும் சுவாரசியம். அதிலுள்ள பழைய பின்னுரையின் தேதியே 1624. போதிதர்மர் வாழ்ந்து ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து யாரோ எழுதி அவர் தலையில் கட்டியது என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு. அதுவும் பெரியவர்கள் உடம்பை முறுக்கிச் செய்கிற பயிற்சி. குழந்தைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, சீனர்களின் குழந்தை மசாஜ் எங்கிருந்து வந்தது? அவர்களிடமிருந்துதான். 'துய்' என்றால் தள்ளுவது, 'னா' என்றால் பிடிப்பது. மிங் அரசர்கள் காலத்தில் குழந்தைகளுக்கென்று இது தனிப் பிரிவாக வளர்ந்தது. 1601இல் யாங் ஜிஜோவின் அக்குபங்சர் பெருநூலில் குழந்தை மசாஜ் நூல் ஒன்று முழுதாகச் சேர்த்து அச்சிடப்பட்டது. எந்த விரலை எந்தத் திசையில் எப்படித் தேய்ப்பது என்பதெல்லாம் படத்தோடு எழுதி வைத்தார்கள். அதில் பாதிக்கு இன்று ஆதாரம் கிடையாது. கட்டைவிரல் ஓரத்தைத் தேய்த்தால் மண்ணீரல் பலப்படும் என்பதை உடற்கூறு படித்த யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால் பிறகு வந்தவர்கள் அதில் சண்டை போட முடிந்தது, சோதிக்க முடிந்தது, திருத்த முடிந்தது.

2013இல் சீன அரசு தன் அடிப்படைப் பொதுச் சுகாதாரச் சேவையில் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பாரம்பரிய மருத்துவப் பராமரிப்பைச் சேர்த்தது. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் குழந்தையைக் காட்ட வரும்போது, வயிற்றை வட்டமாகத் தடவுவதையும் முதுகுத் தோலை விரலால் மெல்லக் கிள்ளி உருட்டியபடி கீழிருந்து கழுத்து வரை போவதையும் பெற்றோருக்குச் சொல்லித் தரவேண்டும். பதினெட்டாம் மாதமும் இருபத்துநான்காம் மாதமும் வேறு இடங்கள், முப்பதிலும் முப்பத்தாறிலும் தலையுச்சி. தடுப்பூசி அட்டவணை மாதிரியே இதற்கும் ஒரு அட்டவணை. பலன் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. கையில் குழந்தையோடு ஒரு தாய் வந்து உட்கார்ந்து, பயிற்சி பெற்ற ஒருவர் அவள் கையைப் பிடித்து 'இவ்வளவுதான் அழுத்தணும்' என்று காட்டுகிறார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

காஞ்சிபுரத்து ஆயாவின் கட்டைவிரலும் முதுகில் கீழிருந்து மேலேதான் போகிறது. அவர் சீனாவிலிருந்து கற்கவில்லை, சீனர்கள் அவரிடமிருந்தும் கற்கவில்லை. குழந்தையின் முதுகு எங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் மட்டும் எழுதி வைக்கவில்லையா என்று உடனே கோபம் வரும். வைத்தார்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றே ஒரு முறை உண்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவத்துக்கென்றே மேற்படிப்புத் துறை இருக்கிறது. ஆனால் அந்த ஏட்டுக்கும் பிள்ளையார்பாளையத்து மணைக்கும் நடுவில் பாலமே போடவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். தினமும் குழந்தையைத் தொட்டது வைத்தியர் இல்லை, மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். பிரசவம் பார்த்தது அவர், தொப்புள்கொடி அறுத்தது அவர், எண்ணெய் தேய்த்து ஊற்றியது அவர். கூலி கொஞ்சம் நெல்லும் பழைய புடவையும். வேலை முடிந்ததும் தீட்டு என்று அவர் நின்ற இடத்தைக் கழுவி விட்டார்கள். பல்லாயிரம் குழந்தைகளைத் தொட்ட அனுபவம் யார் தலையில் இருந்ததோ அவரிடம் யாரும் பேனாவோடு போய் உட்காரவில்லை. இப்போது திடீரென்று 'தமிழர் மரபு' என்று மார்தட்டுகிறவர்கள், அந்த மரபை வைத்திருந்த பெண்ணைத் திண்ணைக்கு மேல் ஏற்றாதவர்களின் பேரப்பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் (2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 99 சதவீதத்துக்கும் மேல்). நல்லதுதான், எத்தனையோ தாய்களின் உயிரைக் காப்பாற்றிய மாற்றம். மருத்துவச்சியின் பிரசவ வேலை போனது. ஊற்றுகிற வேலை மட்டும் தெருவுக்கு ஓரிரு ஆயாக்களிடம் தங்கியது.

இந்த மசாஜால் உண்மையில் என்ன கிடைக்கிறது?

ஆஸ்பத்திரியிலேயே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டின் குழு 1986இல் குறைமாதக் குழந்தைகளைத் தினம் மூன்று முறை, பதினைந்து நிமிடம், பத்து நாள் நீவி விட்டுப் பார்த்தது. நீவப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறினார்கள், ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். சும்மா வருடினால் பலன் குறைவு, மிதமான அழுத்தம் வேண்டும் என்றும் பின்னர் அதே குழு கண்டது. (ஆயாவுக்கு இது 1986க்கு முன்பே தெரியும் என்பது வேறு விஷயம் :-)) டெல்லியில் 2000இல் வெளியான ஆய்வில் ஆறு வாரக் குழந்தைகள் 125 பேருக்கு வெவ்வேறு எண்ணெய்களில் நான்கு வாரம் தேய்த்துப் பார்த்தார்கள். முன்னால் வந்தது நல்லெண்ணெய். மும்பையில் 2005இல் வந்த ஆய்வில் குறைமாதக் குழந்தைகளின் எடைக்குத் தேங்காய் எண்ணெய் உதவியது. வங்கதேச ஆஸ்பத்திரி ஒன்றில் குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது இறப்பு 26 சதவீதம் குறைந்ததாக 2008இல் எழுதினார்கள். அவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தையின் தோல் சல்லடை மாதிரி, கிருமி உள்ளே போகும், எண்ணெய் அதற்கு ஒரு தடுப்பு.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை குறைமாதக் குழந்தைகள் பற்றியவை. மாதம் நிறைந்து ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகளுக்கு மசாஜ் என்ன செய்கிறது என்று 2013இல் காக்ரேன் குழுவினர் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆய்வுகளில் பல தரம் குறைந்தவை, நம்பி எதையும் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். அதாவது தூக்கம் வரலாம், அழுகை குறையலாம், தாயும் சேயும் நெருங்கலாம். மசாஜ் செய்ததால் பிள்ளை ஆறடி வளர்வான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட ஆதாரம் கிடையாது. 'உயரம் கூட்டும் தெரபி', 'மூளை வளர்ச்சி பேக்கேஜ்' என்று ஏசி அறையில் குழந்தை மசாஜ் விற்கிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பழங்கால சீன ரகசியம் என்பார்கள். சீனர்களைப் பொறுத்தவரை அது ரகசியமே இல்லை, அரசு சுகாதார நிலையத்தில் சொல்லித் தருகிறார்கள்.

இனி ஆயாவோடு சண்டை போடவேண்டிய இடம். அவர் கையைப் புகழ்ந்தாயிற்று, வாயையும் விரல் நுனியையும் விட்டுவிட முடியாது.

எண்ணெய் தேய்த்து முடித்ததும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார்களே, அது நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் போனால் குழந்தை இருமும். எண்ணெய் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். இறங்கினால் அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும், அதற்கு லிபாய்டு நிமோனியா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சங்கில் விளக்கெண்ணெயை ஊற்றி, அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வைப்பதும் இதே கதைதான். சளி எடுக்கிறேன் என்று மூக்கில் வாய் வைத்து ஊதுவது, பெரியவர் வாயிலுள்ள கிருமியை ஒரு மாதக் குழந்தைக்குப் பார்சல் அனுப்புகிற வேலை. பிறந்த குழந்தையின் மார்பில் கட்டியாக இருக்கிறதென்று பிதுக்கிப் பால் எடுக்கிறார்கள். அது தாயின் ஹார்மோனால் வந்த வீக்கம், சில வாரத்தில் தானே வற்றும். பிதுக்கினால் சீழ் கட்டும், பெண் குழந்தையானால் பின்னாளில் மார்பக வளர்ச்சியே பாதிக்கலாம். காதில் எண்ணெய் விட்டால் பூஞ்சை. சாம்பிராணிப் புகை நேராக முகத்தில்... சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை உரம் எடுப்பது. குழந்தை அழுதுகொண்டே இருந்தால், பால் கக்கினால், 'உரம் விழுந்திருக்கு' என்று தீர்ப்பு. புடவையில் குழந்தையைப் போட்டு இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். மூன்று நான்கு மாதம் வரை தன் தலையைத் தானே தாங்க முடியாத உயிர் அது. சில வேளை அழுகை நின்றுவிடும். பயத்தில் நின்றதா, களைப்பில் நின்றதா என்று யாருக்கும் தெரியாது, உரம் எடுத்தவருக்குப் பேர் வந்துவிடும். இன்னொரு பக்கம் தொக்கம் எடுப்பவர்கள். போர்டே மாட்டியிருப்பார்கள். தொண்டையில் விரலை விட்டு, வயிற்றை அழுத்தி, கடைசியில் உள்ளங்கையில் முடியும் சோற்றுப் பருக்கையும் காட்டுவார்கள். இதற்குத் திருவிழாவில் மோடி மஸ்தான் செய்வதற்கும் வித்தியாசம் ஒன்றுதான், அங்கே குழந்தையின் தொண்டைப் பணயமில்லை.

டாக்டர்கள் இதையெல்லாம் கண்டிக்கிறார்களே என்றால், ஆமாம், கண்டிக்கிறார்கள். 'எண்ணெயே தேய்க்காதீங்க, பாட்டி பேச்சைக் கேக்காதீங்க' என்று ஒரே வரியில். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அவருக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது, அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவு? வீட்டுக்குப் போனதும் ஆயா எல்லாவற்றையும் செய்வார், நல்லதையும் கெட்டதையும் சேர்த்து. டாக்டரிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு குழந்தை மறுபடி வரும்போது 'மூக்குல எண்ணெய் விட்டீங்களா' என்று கேட்டால் 'இல்லீங்க' என்று பதில் வரும். அந்தப் பொய்யால் சிகிச்சை இரண்டு நாள் தள்ளிப்போகும்.

அரசாங்கமாவது? 2015 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் தொடங்கியது. பதினாறு பொருள், ஆயிரம் ரூபாய் மதிப்பு. துண்டு, உடை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்ய சுண்டி லேகியம் வரை யோசித்து வைத்தார்கள். நூறு மில்லி குழந்தை எண்ணெயும் இருந்தது. அந்த எண்ணெயை எங்கே தேய்க்கலாம், எங்கே விடவே கூடாது என்று காட்டும் பதினேழாவது பொருள்தான் இல்லை.

இவ்வளவு பேசிவிட்டு காஞ்சிபுரத்தின் இன்னொரு பக்கத்தைப் பேசாமல் விட்டால் அது யோக்கியம் இல்லை.

'கால் நேரா வளரணும்' என்று ஒரு வருடம் தினமும் நீவினார்கள் அல்லவா? அந்தக் கால்களைப் பிறகு என்ன செய்தார்கள் என்று இந்த ஊருக்குத் தெரியும். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் பின்னிக்கொள்ள, நெசவாளியின் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். பல வருடம் அந்த இன்னொரு ஆள் எட்டு வயது, பத்து வயதுக் குழந்தை. அட்வான்ஸ் வாங்கிய பெற்றோரின் கடனுக்குப் பிணையாகக் குழித்தறியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003 ஜனவரியில் ஒரு முழு அறிக்கை வெளியிட்டது. பட்டுத்தொழிலின் குழந்தைக் கொத்தடிமை பற்றிய அந்த அறிக்கையில் காஞ்சிபுரம் பெயர் சொல்லி வருகிறது. அடுத்த இரண்டாண்டில் இதே பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை மட்டும் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. தறியில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் படித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். ஆனால் 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் அந்தக் கதவு எங்கே போய்த் திறக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. குழந்தையின் வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் முதலில் பேசவேண்டியது இதை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்தியச் சராசரி இன்னும் மோசம், 35 சதவீதத்துக்கும் மேல். இந்த உயரத்தைத் தின்றது எண்ணெய் தேய்க்காதது இல்லை. கர்ப்பத்தில் தாய் சாப்பிடாதது, பாலை நிறுத்திவிட்டு நீர்த்த கஞ்சி கொடுத்தது, அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கு.

தாய் ஏன் பாலை நிறுத்துகிறாள்? தறியில் நெய்தால்தான் கூலி. கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு 2017 முதல் சட்டப்படி 26 வாரம் பேறுகால விடுப்பு உண்டு. வீட்டுத் தறியில் புடவைக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு விடுப்பு என்று எதுவும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது, அதில் ஒரு பகுதி சத்துப்பொருள் பெட்டகமாக வருகிறது. அதை வைத்து எத்தனை மாதம் தறியை நிறுத்த முடியும்? ஆயா நீவிவிட்ட பிறகு வரும் அந்த மூன்று மணி நேரத் தூக்கம் யாருக்காக என்று இப்போது புரியும். குழந்தையின் வளர்ச்சிக்கு என்று சொல்லிக்கொண்டாலும், தாய் மறுபடி குழிக்குள் இறங்க அதுதான் வழி.

மசாஜை ஒழி என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அதைப் பழம்பெருமைக்காரர்களிடமும் ஏசி அறைக்காரர்களிடமும் விட்டுவிட வேண்டாம் என்பதுதான் கேள்வி. ஆயாவிடம் 'எல்லாம் தப்பு' என்று சொல்லாமல், 'கையும் காலும் முதுகும் உங்களுடையது, மூக்கு காது வாய் மார்பு பக்கம் போகாதீங்க, புடவையில் உருட்டாதீங்க' என்று ஐந்து நிமிடம் பொறுமையாகச் சொன்னால் அவர் கேட்பார். ஏனென்றால் அந்தக் குழந்தை நன்றாக இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு இருக்கும் அக்கறை ஃபார்வர்ட் அனுப்புகிறவனுக்குக் கிடையாது.

இதற்குத் தனிக் கட்டடம், தனி மிஷன், தனி லோகோ எதுவும் வேண்டாம். எந்த அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலிலும் போய்ப் பாருங்கள். தூக்குச்சட்டியும் வெந்நீர் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு, உள்ளே விட மாட்டேன் என்கிறார்களே என்று முனகியபடி பத்து ஆயாக்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ரப்பர் பொம்மை, ஒரு நர்ஸ், ஒரு கிண்ணம் நல்லெண்ணெய். பார்வையாளர் நேரம் தொடங்க எப்படியும் அரை மணி இருக்கும்.